வெளுத்த மலம் சொல்லும் சேதி

கண் மஞ்சளானால் காமாலை என்று காசிமேட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோளாறு எங்கே என்பதைக் கண் சொல்லாது. அதற்கு மலத்தையும் சிறுநீரையும் பார்க்க வேண்டும். இதைப் பேசக் கூச்சம் எதற்கு?

ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது சிதையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி பிறக்கிறது, நாளொன்றுக்கு 250 முதல் 300 மில்லிகிராம். நீரில் கரையாத அதைக் கல்லீரல் கரையும்படி மாற்றிப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. மலத்தின் பழுப்பும் சிறுநீரின் மஞ்சளும் குடல் பாக்டீரியாக்கள் அதை மாற்றுவதால் வருபவை. அந்த மாற்றத்தைத் தொடங்கிவைக்கும் நொதி 2024-ல்தான் அடையாளம் காணப்பட்டது.

பித்தக்குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்தால் நிறமி குடலுக்கு வராது. மலம் களிமண்ணாய் வெளுக்கும். கரைந்த பிலிரூபின் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீரில் இறங்கும். கடுங்காப்பி நிறம், உடம்பெல்லாம் அரிப்பு. சிவப்பணு அதிகமாகச் சிதைந்து வரும் காமாலையில் மலம் வெளுக்காது. குடிநீரில் கழிவுநீர் கலந்து பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள் தாக்குவது கல்லீரலையே. இவற்றில் ஈ வகை கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வீட்டில் முதலில் அரைப்பது கீழாநெல்லி. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு அது பலன் தந்ததாகச் சென்னை ஆய்வாளர்கள் 1988-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். பிந்தைய ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. அடைத்த குழாயை எந்தப் பச்சிலையும் திறக்காது. மலம் வெளுத்தால் அரைத்துக்கொண்டிராமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பச்சிளங்குழந்தை விஷயம் வேறு. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தட்டும். கல்லீரல் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். 1956-ல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் செவிலியர் ஜீன் வார்டு ஒரு குழந்தையைக் காட்டினார்: வெயில் பட்ட தோல் வெளிறியிருந்தது, துணி மூடிய முக்கோணம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. பிரசவ ஆஸ்பத்திரிகளின் நீல விளக்கு அதிலிருந்து வளர்ந்ததுதான். ஒளி பட்டதும் பிலிரூபின் வடிவம் மாறி எளிதில் வெளியேறுகிறது. காலை இளவெயில் அதற்கு ஈடாகாது.

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இறங்காமல், மலமும் வெளுத்திருந்தால் விளக்கு உதவாது. அந்தக் குழந்தைக்குப் பித்தக்குழாயே அடைபட்டிருக்கலாம். அதற்கான ‘கசாய்’ என்ற அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தள்ளிப்போனால் கல்லீரல் கெட்டு, மாற்றுக் கல்லீரல் தேட வேண்டிவரும். ராயபுரத்திலோ எண்ணூரிலோ பிள்ளை பெற்றிருக்கும் தாய்மார்களே, அழுக்குத் துணியை உடனே அலசிவிடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் செல்போனில் படமெடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.