தூங்கும்போதும் பணம் வருமா? சங்கிலியை அடகு வைக்குமுன் கொஞ்சம் பொறுங்கள்!

சென்ற மாதம் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்திற்குச் சங்க வேலையாகப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும் நேரத்தில், உதிரிப்பழம் பொறுக்கும் அக்கா ஒருவர் ஓடி வந்தார். "தம்பி, அஞ்சு நிமிசம் நில்லுங்க. இந்தப் பய சொல்றது நெசமா பொய்யான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். கையில் ஒரு சிறு துணிப்பை. உள்ளே அவருடைய சங்கிலி.

மகனுக்கு 21 வயது. பட்டணத்தில் நடந்த ஓர் இலவசக் கூட்டத்திற்குப் போய் வந்திருக்கிறான். ஓர் அகப்பக்கம் தொடங்கி அதில் விளம்பரம் போட்டுவிட்டால் தூங்கும்போதும் பணம் வந்துகொண்டே இருக்கும், அதைக் கற்றுக்கொடுக்க 2,800 வெள்ளி, இந்த வாரமே கட்டினால் தள்ளுபடி என்று மேடையில் முழங்கினார்களாம். 2,800 வெள்ளி நமக்கு லேசான காசா? 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளிதான். ஒன்றரை மாதத்துக்கு மேல் குனிந்து நிமிர்ந்த காசு அது.

நான் தோட்டப் பள்ளியில் படித்தவன். இந்தச் சங்கதியெல்லாம் எனக்குப் பிந்தி வந்ததுதான். ஆனாலும் விசாரித்தேன். விசாரித்ததை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இப்படிப் பணம் கேட்கும் கூட்டம் இந்த ஒரு தோட்டத்தோடு நிற்கப் போவதில்லை.

விஷயம் முழுப் பொய் அல்ல. ரோட்டோரத்தில் உங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது, சோப்புக் கம்பெனிக்காரன் அதில் பலகை நட்டு வாடகை தருகிறான் என்று வையுங்கள். அதே கதைதான். நிலத்துக்குப் பதில் அகப்பக்கம். இடையில் நின்று பலகை நடுகிறவர் கூகள் நிறுவனம். 2003-ல் 'ஆட்சென்ஸ்' என்ற பெயரில் இதைத் தொடங்கினார்கள். 2018-ல் தமிழ்ப் பக்கங்களுக்கும் கதவைத் திறந்தார்கள். இதில் சேரக் கட்டணம் ஒரு காசு கிடையாது. 18 வயது ஆகியிருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பது சொந்தச் சரக்காக இருக்க வேண்டும். 'பிளாகர்' என்ற இடத்தில் பக்கத்தையே இலவசமாகத் திறக்கலாம். அப்படியானால் 2,800 வெள்ளி எதற்கு? பையனிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம். விளம்பரக்காரர் 100 வெள்ளி கொடுத்தால் பக்கத்துக்காரருக்குச் சுமார் 68 வெள்ளி வந்து சேரும். பங்கு நல்ல பங்குதான், மறுக்கவில்லை. ஆனால் மொத்தத் தொகை எவ்வளவு என்பதல்லவா கேள்வி! பக்கம் ஆயிரம் முறை பார்க்கப்பட்டால் 2 அமெரிக்க வெள்ளி கிடைப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில பக்கத்துக்கு அதைவிடக் கூடும், பலவற்றுக்கு அதுவும் தேறாது. 100 அமெரிக்க வெள்ளி சேர்ந்த பிறகுதான் காசு வெளியே வரும். அதற்கு 50,000 முறை பார்க்கப்பட வேண்டும். தினம் 50 பார்வை என்றால் ஆயிரம் நாள். பால்மரக் கன்று நட்டவன் வெட்டுக்கு ஐந்தாறு வருஷம் காத்திருப்பான். அவனுக்காவது மரம் கண்ணுக்குத் தெரியும்.

பார்க்கிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? பெரும்பாலும் கூகளில் எதையோ தேடி வருகிறவர்கள். அந்தத் தேடும் முறையை அவர்கள் அடிக்கடி மாற்றுகிறார்கள். 2023 செப்டம்பரில் செய்த ஒரு மாற்றத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ சிறு பக்கங்கள் படுத்துவிட்டன. 2024 முதல் பல கேள்விகளுக்குச் செயற்கை அறிவு எழுதிய பதில் மேலேயே வந்து நிற்கிறது. பதில் கிடைத்தவன் ஏன் உள்ளே வரப் போகிறான்? இவற்றையெல்லாம் அந்த மேடையில் யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று. "நம்ம தோட்டத்து ஆளுங்க நாப்பது பேர் தினம் விளம்பரத்தை அமுக்குனா போதுமே மாமா" என்றான் பையன். கூடவே கூடாது! தன் விளம்பரத்தைத் தானே அமுக்குவதும், ஆள் வைத்து அமுக்குவதும் அவர்கள் சட்டத்தில் குற்றம். கண்டுபிடித்தால் கணக்கை மூடிவிடுவார்கள், சேர்ந்த காசும் போய்விடும்.

தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். கணக்கில் 10 அமெரிக்க வெள்ளி சேர்ந்ததும் விலாசத்தைச் சரிபார்க்க ஓர் இரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். நான்கு மாதத்துக்குள் அதைப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் விளம்பரம் நின்றுபோகும். நமக்கு வரும் தபாலோ ஆபீஸில் போய் விழுகிறது. அங்கே கடிதம் கிடந்து மக்கும் கதை நமக்குத் தெரியாததா? சாதாரணத் தபாலில்தான் வரும், பார்த்து எடுத்து வையுங்கள் என்று கிராணியிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

பையனிடம் கடைசியாக, "உனக்கு என்னடா நல்லாத் தெரியும்?" என்றேன். கப்சாய் மோட்டார் சைக்கிள் என்றான். லயத்தில் யார் வண்டி நின்றாலும் இவனைத்தான் கூப்பிடுகிறார்களாம். "அதையே எழுது. மலாய்மொழியில் எழுதினா படிக்கிறவங்க அதிகம். மழையில வண்டி ஏன் நிக்குது, சங்கிலியை எப்ப மாத்தணும், கார்புரேட்டரை எப்படிக் கழுவணும், நீ செய்றதைப் போட்டோ பிடிச்சுப் போடு. மத்தவன் பக்கத்தைப் பார்த்து எழுதாதே." இந்தத் தொழிலில் பிழைத்துக் கிடப்பவர்கள் இப்படி ஒரே ஒரு சிறு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, தானே கை வைத்துப் பார்த்ததை எழுதுகிறவர்கள்தான். செம்பனையில் எலி பிடிக்க ஆந்தைக்குக் கூடு வைப்பது, குலை வெட்டும் அரிவாளைத் தீட்டுவது என்று நம்மவர்களுக்குத் தெரிந்தது கொஞ்சமா? ஆனால் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள். சாயங்காலம் இரண்டு மணி நேரம், அவ்வளவே.

ஏற்கெனவே இப்படிப்பட்டவர்களுக்குப் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் இருந்தால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம். உடனே 997 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், மோசடிகளைக் கவனிக்கும் தேசிய மையம் அது. பாங்கிக்கும் சொல்லுங்கள், போலீஸில் ரிப்போர்ட் போடுங்கள். நேரம் ஆக ஆகக் காசு கை மாறிப் போய்விடும்.

நேற்று அந்த அக்காவே போன் செய்தார். சங்கிலி பெட்டிக்குள் திரும்பிவிட்டது. பையன் மூன்று கட்டுரை எழுதியிருக்கிறானாம், விளம்பரத்துக்கு இன்னும் மனுப் போடவில்லை. "ராத்திரியில லைட்டை அணைக்க மாட்டேங்கிறான் தம்பி, கரண்டு பில்லு ஏறுது" என்று ஒரு புகார் வேறு.