சங்கத்துப் பழைய வேனை விற்கும் முன்

அண்மையில் ஆய்வுக்குச் சென்றிருந்த நெசவாளர் சங்கம் ஒன்றில், நூல் மூட்டைகளையும் சேலைக் கட்டுகளையும் பதினாறு ஆண்டுகள் சுமந்த வேன் காயலான் கடைக்கு விற்கப்பட்டிருந்தது. சொத்துப் பதிவேட்டில் அதன் பெயர் அடிக்கப்பட்டு, ‘இரும்பு விலைக்கு விற்பனை’ என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. ரசீதென்று காட்டப்பட்டது ஒரு துண்டுச் சீட்டே. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தபோதோ, அவ்வண்டியின் உரிமையாளர் இன்னமும் அச்சங்கமே! வண்டி போயிற்று, பெயர் போகவில்லை.

இதனால் என்ன கேடு என்று அங்கத்தினர்கள் வினவலாம். கடைக்காரர் வண்டியை உடைக்காமல் பிறருக்கு ஓட்டக் கொடுத்து, விபத்தும் நேர்ந்துவிட்டால், நஷ்டஈட்டு வழக்கு பதிவில் பெயருள்ளவரையே தேடி வரும். நவீன்குமார் எதிர் விஜய்குமார் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் இவ்வாறே தீர்ப்பளித்தது. அதில் கார் பலர் கைமாறியிருந்தும், பதிவில் இருந்தவரே பொறுப்பாளி ஆனார்.

ஆகவே ஓடும் நிலையில் விற்றால், உரிமை மாற்றத்தை 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இனி ஓடாதென்று உடைக்கக் கொடுத்தால், பதிவுச் சான்றை ஒப்படைத்துப் பதிவை ரத்துச் செய்விக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதற்கும் 14 நாட்களையே கூறுகிறது. வண்டி வங்கிக் கடனில் வாங்கியதாயின், அடமானக் குறிப்பை முதலில் நீக்குக. 2021-ஆம் ஆண்டின் விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையங்களில் ஒப்படைத்தால், ஒப்படைப்புச் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் புதிய சரக்கு வண்டி வாங்குங்கால், மாநில அரசின் உத்தரவுக்கேற்ப வரியில் 15 சதவிகிதம் வரை சலுகை பெறலாம்.

இனி விலை. கடைக்காரர் வண்டியை எடை போட்டு வாங்குகிறார். ஆனால் எல்லாவற்றையும் எடை போட்டு விற்பதில்லை. இயந்திரம், கியர்பெட்டி, டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார், கதவு, கண்ணாடி ஆகியவை உதிரிப் பாகங்களாகத் தனித்தனி விலை போகும். பாட்டரியில் ஈயம் உண்டு. ரேடியேட்டர் செம்பாகவோ அலுமினியமாகவோ இருக்கும். பிற்கால வண்டிகளின் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் சிறிதளவு உள. இவை யாவும் இரும்போடு இரும்பாக நிறுக்கப்படுமாயின் நட்டம் சங்கத்துக்கே. நம்பகமான மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பட்டியலெழுதி, நிர்வாகக் குழுவின் தீர்மானத்தோடு மூன்று இடங்களிலாவது விலை கேட்பது முறை. சென்ற மாதம் மாட்டிய பாட்டரியையும் வண்டியோடு அனுப்பிவிட்ட சங்கத்தையும் நான் அறிவேன்!

வாங்குவோருக்கும் ஒரு சொல். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கதவு, விளக்கு, இருக்கை முதலியவற்றைத் தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் பாகங்களைப் பழையனவாக வாங்குதல் கூடாது. தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. பழைய இயந்திரம் வாங்கினால், எண் சுரண்டப்படாமலிருக்கிறதா என்று பார்த்து, பில்லும் பெற்று, மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்றுக.

முதலிற் கூறிய சங்கத்தின் செயலாளர் மறுநாளே கடைக்கு ஓடினார். வண்டி உடைபட்டுவிட்டது, ஆயினும் சேஸிஸ் எண் பொறித்த தகட்டுத் துண்டு குவியலின் அடியில் கிடந்தது. அதனையும் பதிவுச் சான்றையும் கொடுத்து, நிலுவை வரியையும் கட்டிய பின்னரே பதிவு ரத்தாயிற்று.