ஆறு சந்தைகள், ஒரு எம்.பி.
திண்டுக்கல் தொகுதியும் நம் வியாபாரமும்

திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதி என்றதும் அரசியல் பேசுகிற எவருக்கும் நினைவுக்கு வருவது 1973 மே மாத இடைத்தேர்தல்தான். தி.மு.க. உறுப்பினர் ராஜாங்கம் மறைந்ததால் வந்த தேர்தல் அது. எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் புதுக்கட்சி தொடங்கி ஏழு மாதங்களே ஆகியிருந்தன. அவருடைய வேட்பாளர் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று, 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஸ்தாபன காங்கிரசின் என்.எஸ்.வி. சித்தன் இரண்டாமிடம். ஆளும் கட்சியாக இருந்த தி.மு.க. மூன்றாமிடத்துக்குப் போனது.

அரசியல் உலகில் நம் ஊருக்கு இப்படி ஒரு பெயர். வணிக உலகில் பூட்டு, புகையிலை, தோல் என்று வேறொரு பெயர். இந்த இரண்டு பெயர்களும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை என்பதுதான் நம் ஆதங்கம்.

இத்தொகுதி டெல்லிக்கு அனுப்பியவர்களைப் பார்த்தாலே இது விளங்கும். 1952-ல் அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்றிருந்த அம்மு சுவாமிநாதன். 1962-ல் காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன். 1967-லும் 1971-லும் தி.மு.க. மாயத்தேவர் 1977-ல் அ.தி.மு.க.வாகவும், 1980-ல் தி.மு.க.வாகவும் நின்று இரண்டிலும் வென்றார். பிறகு திண்டுக்கல் சீனிவாசன் 1989, 1991, 1998, 1999 என நான்கு முறை. 1973-ல் தோற்ற சித்தன் மனம் தளராமல் 1996-ல் த.மா.கா.விலும், 2004, 2009-ல் காங்கிரசிலும் வென்று காட்டினார். 2014-ல் அ.தி.மு.க., 2019-ல் தி.மு.க.வின் வேலுச்சாமி, 2024-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் சச்சிதானந்தம். ஏறக்குறைய எல்லாக் கட்சிக்கும் ஒரு முறையாவது இடம் கொடுத்த தாராள மனது நம் வாக்காளருக்கு!

2019-ல் வித்தியாசம் 5 லட்சத்து 38 ஆயிரம். 2024-ல் 4 லட்சத்து 43 ஆயிரம். இத்தனை லட்சங்களில் முடிவாகும் தேர்தலில் ஒரு கடைவீதியின் குறை எந்தத் தட்டையும் இறக்கப் போவதில்லை. 2024-ல் இன்னொரு விசேஷம். தி.மு.க. இத்தொகுதியை மார்க்சிஸ்ட்டுக்கும், அ.தி.மு.க. எஸ்.டி.பி.ஐ.க்கும், பா.ஜ.க. பா.ம.க.வுக்கும் ஒதுக்கின. மூன்று அணிகளிலும் தலைமைக் கட்சி நேரடியாக நிற்கவில்லை. யார் நிற்பது என்பது சென்னையில் நடந்த பங்கீட்டில் முடிவாகி, நாம் இங்கே பொத்தானை மட்டும் அழுத்தினோம்.

ஆனால் மொத்தத் தொகுதியும் ஒரே நிறம் என்று எண்ணிவிடக் கூடாது. இதே ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் 2021-ல் பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர் தி.மு.க.வுக்கும், திண்டுக்கல், நத்தம், நிலக்கோட்டை அ.தி.மு.க.வுக்கும் போயின. மூன்றுக்கு மூன்று. ஆளைத் தெரிந்து போடும் ஓட்டு வேறு, அலையைப் பார்த்துப் போடும் ஓட்டு வேறு. (சாதிக் கணக்கு எங்கே என்று சில அன்பர்கள் கேட்கலாம். அதை எழுத வேறு பத்திரிகைகள் இருக்கின்றன.)

இனி நம் விஷயத்துக்கு வருவோம். இந்த ஆறும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் என்பதைவிட ஆறு சந்தைகள் என்பதே பொருந்தும். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி. தென்னகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று. கேரளத்தின் அடுப்பு எரிவதே இந்தச் சந்தையை நம்பித்தான் என்றால் மிகையில்லை. முருங்கை, தக்காளி, வெண்டை என்று மூட்டைகள் இரவோடு இரவாக லாரியேறி மலையைத் தாண்டுகின்றன. ஓணம் நெருங்கினால் இங்கே விலை ஏறும். கேரளத்தில் ஒரு பந்த் என்றால் இங்கே கமிஷன் கடை வாசலில் தக்காளி குவிந்து நாறும். நிலக்கோட்டையில் பூ. முகூர்த்த நாளில் மல்லிகை விலை எங்கோ போகும். அது முடிந்த மறுநாள் பறிகூலிக்கே கட்டாது. அப்போது மிஞ்சுவதை எடுப்பது சென்ட் கம்பெனிகள். ஆத்தூர் பக்கம் சின்னாளபட்டியின் சேலை. நத்தத்தில் மாவும் புளியும். பழனியில் முருகன் இருக்கிறார். அவரை நம்பி பஞ்சாமிர்தக் கடை முதல் லாட்ஜ் வரை ஓர் ஊரே பிழைக்கிறது. கொடைக்கானலும் பழனிச் சட்டமன்றத் தொகுதியில்தான்.

ஒரு வேடிக்கை. மாவட்டத்தின் நூற்பாலைகள் நிறைந்த வேடசந்தூர் நம் தொகுதியில் இல்லை. அது கரூரோடு போய்விட்டது. 2009 தேர்தல் முதல் நடப்புக்கு வந்த மறுசீரமைப்பில், தனித் தொகுதியாக இருந்த பழனி மறைந்து, பழனியும் ஒட்டன்சத்திரமும் நம்மோடு சேர்ந்தன. சந்தையை ஒட்டிக் கோடு போடவில்லை, தலையை எண்ணிக் கோடு போட்டார்கள்.

திண்டுக்கல் நகரத்தின் கதைதான் மனதை வருத்துவது. நாகல் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு அரம் ஓடிய காலம் ஒன்று இருந்தது. மாங்காய்ப் பூட்டு, பெட்டிப் பூட்டு, கோயில் பூட்டு என்று கையால் செய்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி போட்டுக் கொடுத்தார்கள். இயந்திரத்தில் வார்த்து வந்த அலிகார் பூட்டின் விலையோடு இந்தக் கைவேலையால் போட்டியிட முடியவில்லை. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான். ஆனால் வாங்க வருபவர் குறியீட்டையா கேட்கிறார்? விலையைத்தான் கேட்கிறார். பட்டறையில் உட்கார இளைஞர்கள் வராத நிலையில் பட்டயம் வந்து சேர்ந்திருக்கிறது.

தோல் தொழிலுக்கு வந்தது வேறு வகை அடி. கழிவுநீர் கிணறுகளைக் கெடுத்தது உண்மை. விவசாயிகளின் குறையை நாம் மறுப்பதற்கில்லை. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு இல்லாதவற்றுக்குப் பூட்டு. பெரிய ஆலைகள் தாக்குப்பிடித்தன. சிறியவை என்ன ஆயின என்பதைப் பேகம்பூர் பக்கம் நடந்தால் பார்க்கலாம். புகையிலையிலும் 2003 மத்தியச் சட்டம், 2013 குட்கா, பான் மசாலா தடை என்று கட்டுப்பாடுகள் தொடர்ந்து வந்தன. உடல்நலத்தை முன்னிட்டு வந்தவை, எதிர்க்க நியாயமில்லை. ஆனால் அந்தத் தொழிலில் இருந்த கைகளுக்கு மாற்று என்ன என்று கேட்க ஆளில்லை.

கவனியுங்கள். குறியீடு, தோல் ஏற்றுமதி, புகையிலைச் சட்டம், ஜி.எஸ்.டி. ஆகிய எல்லாவற்றிலும் டெல்லியின் கை இருக்கிறது. அங்கே நமக்காகப் பேச வேண்டியவரிடம் நாம் கேட்டதோ சமுதாயக் கூடமும் உயர்கோபுர விளக்கும்! தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஆறாகப் பிரித்தால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு கோடிகூட இல்லை. அதற்காகவா ஒருவரை டெல்லிக்கு அனுப்புகிறோம்?

இங்கிலாந்தில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக 73,000 வாக்காளர்கள். அங்கே கிராமப்புற எம்.பி. வார இறுதியில் ஊருக்கு வந்து மேசை போட்டு உட்கார்ந்தால், கறிக்கடைக்காரரும் பால் பண்ணைக்காரரும் நேரில் போய்க் குறை சொல்கிறார்கள். நம் தொகுதியில் 2024-ல் சுமார் 16 லட்சம் வாக்காளர்கள். ஒருவர் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்? தனித்தனியாகப் போய் நின்றால் சால்வைக்கும் போட்டோவுக்கும்தான் நேரம் இருக்கும். ஆறு ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து, டெல்லியில் முடியக்கூடிய காரியங்களை மட்டும் எழுதி எடுத்துச் செல்வதே வழி.

நமக்குத் தோன்றுகிறவை சில. திண்டுக்கல்–பழனி பாதை அகலப் பாதையாகி 2012-ல் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. பாதை ஒட்டன்சத்திரம் வழியாகவே போகிறது. காய்கறி மட்டும் இன்னும் லாரியில்தான் போகிறது. இரவில் புறப்பட்டுப் பாலக்காடு போகும் ஒரு சரக்குப் பெட்டியாவது கேட்டுப் பெற வேண்டும். வத்தலக்குண்டு, தேனி வழியாக லோயர்கேம்புக்குப் பாதை போட வேண்டும் என்பது நம் தகப்பனார் காலத்துக் கோரிக்கை. அதை விட்டுவிடக் கூடாது. பூட்டுப் பட்டறைகளுக்குப் பொது வார்ப்பு இயந்திரக் கூடம் ஒன்று மத்திய சிறுதொழில் துறை மூலம் வர வேண்டும். நிலக்கோட்டையில் பூவுக்குக் குளிர்பதனக் கிடங்கு. ஜி.எஸ்.டி.யில் சிறு வணிகர் கணக்குத் தாக்கலில் படும் பாட்டுக்கு ஒரு கேள்வியாவது அவையில் எழ வேண்டும்.

நாடாளுமன்றக் கூட்டத்தொடருக்கு நாள் குறித்த பிறகு மனு கொடுத்துப் பயனில்லை. கேள்விகளை உறுப்பினர் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்பது அவை விதி. எனவே ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, பழனி, நத்தம், சின்னாளபட்டிச் சங்கங்களின் செயலாளர்கள் தத்தம் ஊரின் ஒரே ஒரு முக்கியக் கோரிக்கையை, ஒரு பக்கத்துக்கு மிகாமல், அதற்கான பில், ரசீது, கணக்கு நகல்களுடன் எழுதி நம் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.