திருகாணியின் தலையெழுத்து



தலையெழுத்தைப் படிக்க வல்லார் எவருமிலர் என்பர். ஆயினும் திருகாணியின் தலையெழுத்தை எவரும் படித்தல் கூடும். படித்த பின்னரே அதன்மீது கை வைத்தல் வேண்டும். படியாமல் கை வைத்து நான் பட்ட துன்பத்தை முதலில் கூறிவிடுகிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி சூடேறாமல் நின்றுவிட்டது. உள்ளே கம்பி அறுந்திருக்கும் என்றெண்ணி, இணைப்பை அகற்றிவிட்டுப் பின்புற மூடியைக் கழற்ற முனைந்தேன். மூடியைப் பிடித்திருந்தது ஒரே ஒரு திருகாணி. அதன் தலையில் நேர்க்கீற்றும் இல்லை. சிலுவைக் குறியும் இல்லை. ஆறு இதழ்கள் கொண்ட ஒரு குழி. குழியின் நடுவே சிறு முளை. வீட்டிலிருந்த திருப்புளிகளுள் ஒன்றும் அதில் நுழையவில்லை. பொறுமை இழந்து, காய் நறுக்கும் கத்தியின் முனையைச் செருகித் திருகினேன். கத்தி வழுக்கி இடது உள்ளங்கையைக் கிழித்தது. நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. கட்டுடன் வந்து அமர்ந்த என்னிடம், ஆறாம் வகுப்புப் படித்துவந்த என் பேத்தி, “தாத்தா, அந்த ஆணிக்கு என்ன பெயர்?” என்று கேட்டாள். முப்பத்தைந்து ஆண்டுகள் பாடம் சொன்ன எனக்கு விடை தெரியவில்லை. அன்று தேடத் தொடங்கிய விடையைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

திருகாணிகளில் இத்தனை வகை ஏன்? பழைய நேர்க்கீற்றுத் திருகாணியில் திருப்புளியின் முனை எளிதில் பக்கவாட்டில் நழுவும். கனடா நாட்டில் திருப்புளி விற்றுவந்த பீட்டர் ராபர்ட்சன் என்பவர், மான்ட்ரியால் நகரில் அதனை இயக்கிக் காட்டியபோது, முனை நழுவிக் கையைக் கிழித்துக்கொண்டார். அவர் காயத்தோடு நின்றுவிடவில்லை. முனை நழுவாத சதுரக்குழித் திருகாணியை உருவாக்கி, 1909ஆம் ஆண்டில் காப்புரிமையும் பெற்றார். பின்னர் 1936ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை பெற்ற சிலுவைக்குழித் திருகாணி, மோட்டார் வண்டித் தொழிலின் வாயிலாக உலகெங்கும் பரவியது. அதன் குழிச்சுவர்கள் சரிவானவை. ஆகவே மிகுந்த விசையோடு திருகினால் திருப்புளி மேலெழும்பி வெளியேறிவிடும். 1967ஆம் ஆண்டில் தோன்றிய டார்க்ஸ் என்னும் ஆறிதழ்க் குழியின் சுவர்களோ செங்குத்தானவை. கையின் விசை மேலே தள்ளப்படாமல் திருகுவதற்கே பயன்படுகிறது.

என்னை வென்ற திருகாணி இந்த ஆறிதழ் இனத்தைச் சேர்ந்ததே. நடுமுளை இருப்பதால் சாதாரண முனை அதில் இறங்காது. நடுவில் துளையுள்ள முனையே வேண்டும். இருப்புச் சாமான் கடைகளில் அது கிடைக்கிறது. இதுபோல் அரிதாகக் காணப்படும் வேறு சிலவும் உள. மூன்று இறகுகள் விரிந்தாற்போன்ற குழியுடையது ஒன்று. இரு சிறு துளைகள் மட்டும் உடையது மற்றொன்று. அதற்கு இரு முளை கொண்ட கவை போன்ற முனை வேண்டும். இறுக்குவதற்கு மட்டும் பிடிகொடுத்து, கழற்றும் திசையில் வழுக்கிவிடும் ஒருவழித் திருகாணியும் உண்டு. சிலுவைக்குழியைப் போலவே தோன்றி, நான்கு கைகளுக்கும் இடையே மெல்லிய கோடுகள் உடையதாயின் அது போசிடிரைவ். பிலிப்ஸ் திருப்புளியால் திருகினால் அதன் குழி சிதையும். திருகாணியே கண்ணுக்குப் புலப்படவில்லையா? அடியிலுள்ள ரப்பர்க் கால்களையும் ஒட்டுத்தாள்களையும் தடவிப் பாருங்கள்; பெரும்பாலும் அவற்றின் கீழ் ஒளிந்திருக்கும்.

வகையை அறிந்தபின் அளவை அறிய வேண்டும். குழியின் அடிவரை இறங்கும் முனைகளுள் மிகப் பெரியதே உரியது. ஆடுகின்ற முனை குழியைத் தின்றுவிடும். திருப்புளியை நேராக நிறுத்தி, திருகும் விசையினும் அழுத்தும் விசை மிகுமாறு பிடியுங்கள். இறுகியிருந்தால் முதலில் சற்றே முடுக்கிப் பின் தளர்த்துங்கள். துருவின் பிடி விடும். குழி தேய்ந்துவிட்டதா? அகன்ற ரப்பர் வளையம் ஒன்றை இடையில் வைத்து அழுத்தித் திருகிப் பார்க்கலாம். தலை வெளியே தெரியுமாயின் குறடால் பற்றலாம். இரும்பறுக்கும் வாளால் தலையில் ஒரு கீற்று அறுத்து நேர்முனையாலும் கழற்றலாம். ஒருவழித் திருகாணிக்கும் இதுவே வழி. அறுத்தபின் இரும்புத்தூளைத் துடைத்தெடுக்க மறவாதீர்கள். மின்கம்பிகளிடையே அது கிடத்தல் தீது.

திசையைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான மரைகள் இடஞ்சுழியாகத் திருகினால் கழலும். மேசை விசிறியின் இறக்கையைப் பிடித்திருக்கும் மூடியோ பெரும்பாலும் வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும். மிதிவண்டியின் இடது மிதிகட்டையும் அவ்வாறே. சுழற்சியால் தானே கழன்றுவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. இதனை அறியாமல் விசையைக் கூட்டுபவர் கழற்றுவதாக எண்ணி இறுக்குகிறார்.

இனி, இத்தகைய அரிய திருகாணிகளை ஏன் வைக்கிறார்கள்? காரணம் இரண்டு. பழுது நீக்கும் வேலை தம் ஆட்களை விட்டுப் போகாதிருக்க வேண்டும் என்பது ஒன்று. அது வாணிகம் எழுப்பிய சுவர். வாங்கிய பொருளைச் செப்பனிட்டுக்கொள்ளும் உரிமை நமக்கு வேண்டும் என்ற குரல் இன்று பல நாடுகளில் எழுந்துள்ளது. நம் நாட்டு அரசும் 2022ஆம் ஆண்டில் அதற்கென ஒரு குழுவை அமைத்தது. மற்றொரு காரணம் உயிர்க்காப்பு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு. மைக்ரோவேவ் அடுப்பிலுள்ள மின்தேக்கியோ இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேலும் தாங்கி நிற்பது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதில் மின்சாரம் தங்கியிருக்கக் கூடும். உரிய முனை உங்கள் கையில் இருந்தாலும் அந்த அடுப்பைத் திறவாதீர்கள். திறக்கும் கருவி கிடைத்துவிட்டது என்பது திறக்கும் தகுதி வந்துவிட்டது என்பதாகாது.

என் கை ஆறியபின், துளையுள்ள முனை ஒன்றை வாங்கி வந்து, தெருக்கோடியிலுள்ள மின்பணியாளரை அருகில் வைத்துக்கொண்டு, அந்தத் திருகாணியைக் கழற்றினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தது. அவர் அதனை இணைத்தார். கழற்றியவற்றை என் பேத்தி ஒரு தாளில் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் வரிசையாக வைத்திருந்தாள். நான் மூடப் போகும்போது, “தாத்தா, இது ஒன்று மீதி இருக்கிறதே!” என்றாள். பச்சைக் கம்பியைப் பெட்டியின் உலோகத்தோடு பிணைக்கும் சிறு திருகாணி அது. நிலத்தொடர்பு தரும் அக்கம்பி விடுபட்டிருந்தாலும் பெட்டி சூடேறியிருக்கும். துணியும் மடிப்புக் கலையாமல் தேய்ந்திருக்கும். ஆனால் என்றேனும் உள்ளே மின்கசிவு நேர்ந்தால், பெட்டியைத் தொட்ட கை என் மனைவியின் கையாக இருந்திருக்கும்.

ஆகவே மாணவர்களே, முதலில் பாருங்கள், பெயரை அறியுங்கள், உரிய கருவியைத் தேடுங்கள், திறக்கத் தகுமா என்று எண்ணுங்கள், திறந்தால், கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் மீண்டும் பொருத்துங்கள்.