கொட்டிலுக்குள் பெற்றோல்

ஜெயபுரத்தில் மிளகாயோ கச்சானோ செய்ய வேண்டுமானால் நீர் இறைக்கும் இயந்திரம் வேண்டும். இயந்திரத்திற்கு எண்ணெய் வேண்டும். பகலில் கிணற்றடிக்குப் போகும் பெற்றோல் கான், இரவில் பெரும்பாலும் நாம் சமைத்து உறங்கும் அதே கொட்டிலுக்குள் வந்துவிடுகிறது. இடம்பெயர்ந்த குடும்பத்திற்கு விதைநெல், அடையாள அட்டை, பிள்ளைகளின் புத்தகம் யாவும் அந்த ஒரே கொட்டிலில்தான். ஆகவே இதனைப் பற்றி இம்முறை பேசுகிறோம்.

எரிவது பெற்றோல் அல்ல, அதிலிருந்து எழும் ஆவியே. மண்ணெண்ணெய் தீப்பற்றும் ஆவியை விடுவதற்கு ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற வேண்டும். பெற்றோலோ உறைபனிக் குளிரிலும் அத்தகைய ஆவியை விடும். இந்த ஆவி காற்றிலும் பாரமானது. மேலெழுந்து கலைந்து போகாமல் தண்ணீரைப் போல நிலத்தோடு பரவும். மூலையில் உள்ள கானின் மூடி தளர்ந்திருந்தால், தள்ளி எரியும் அடுப்பை ஆவி தேடிச் செல்லும். நெருப்பு அதே வழியால் கானுக்குத் திரும்பி வரும். கானை வெளியே, நிழலில், அடுப்புக்கும் விளக்கிற்கும் தொலைவில் வைப்பதற்குக் காரணம் இதுவே.

1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்தோம். அந்தக் கெட்டித்தனத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே போத்தல், ஒரே புனல் என்ற பழக்கமும் அதோடு வந்தது. சிறிதளவு பெற்றோல் கலந்த மண்ணெண்ணெயைப் போத்தல் விளக்கில் ஊற்றினால் விளக்கே வெடிக்கலாம். விளக்கு சரிந்து எரிகாயமடைந்தோரைக் கண்டே வைத்தியர் விஜய கொடகும்புர, எளிதில் சரியாத, திருகு மூடியுள்ள பாரமான கண்ணாடி விளக்கை உருவாக்கினார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்த விளக்கிலும் கலப்பு எண்ணெய் ஆபத்தானதே.

சிறிய விமானத்திற்குப் பெற்றோல் ஏற்றுவோர் முதலில் விமானத்தையும் எண்ணெய்க் கொள்கலத்தையும் கம்பியால் இணைப்பர். எண்ணெய் ஓடும்போது உண்டாகும் மின்பொறியைத் தவிர்க்கவே இது. நமக்குக் கம்பி வேண்டியதில்லை. கானை சைக்கிள் கரியலிலோ லான்ட்மாஸ்டர் பெட்டியிலோ வைத்து நிரப்பாமல், நிலத்தில் இறக்கி வைத்து, குழாய் முனை கானின் வாயைத் தொட்டபடி நிரப்பினால் போதும். விளிம்பு மட்டும் நிரப்ப வேண்டாம். வெயிலில் பெற்றோல் விரியும். 20 லீற்றர் கானில் ஒரு லீற்றர் இடமாவது விட வேண்டும். பெற்றோலுக்கென்று செய்த கானே நல்லது. சோடாப் போத்தல் வேண்டவே வேண்டாம், தாகத்தில் வரும் பிள்ளைக்கு அது சோடாவாகவே தெரியும்.

ஓடிக் களைத்த இயந்திரத்திற்குச் சூட்டோடு எண்ணெய் ஊற்றுவது மிகவும் ஆபத்தானது. நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றுங்கள். பயிர் கால் மணித்தியாலம் பொறுக்கும். குழாயை வாயால் உறிஞ்சவும் வேண்டாம். நுரையீரலுக்குள் போன பெற்றோல் உயிரை எடுக்கும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பற்றிய பெற்றோல்மீது தண்ணீர் ஊற்றினால் அது மிதந்து பரவும். கான் இருக்கும் இடத்தில் ஒரு வாளி மணலையும் நனைத்த சாக்கையும் வையுங்கள். எரிகாயத்திற்குப் பற்பசை பூசாது, 20 நிமிடம் குளிர்ந்த சுத்தமான தண்ணீர் ஊற்றி, துப்புரவான துணியால் மூடி அனுப்புங்கள்.