மகளுக்கு ஒரு மின் வயலின்: முதல் மாதிரி

என் மகளுக்குப் பதிமூன்று வயது. ஆறு வருஷமாக கர்நாடக வயலின் கற்கிறாள். டியூஷன் முடித்து சாதகத்துக்கு உட்காரும்போது இரவு ஒன்பது தாண்டிவிடும். கீழ் வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர். அவர்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவளாகவே வில்லைத் தொட்டும் தொடாமலும் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். போன தீபாவளி சமயம் பாட்டு சார் என்னைத் தனியா கூப்பிட்டு, "வில்லுல அழுத்தமே போயிடுச்சு சார், கவனிங்க" என்றார். அதுதான் இந்த வேலைக்குக் காரணம்.

மேல்பலகை விரிசல் விட்ட பழைய வயலின் ஒன்று பரணில் இருந்தது. கழுத்து, விரல் பலகை, பிரடை, டெயில்பீஸ் எல்லாம் அதிலிருந்து எடுத்தது. உடம்புக்கு மட்டும் தச்சரிடம் வாங்கிய தேக்குத் துண்டு. நான்கு தந்திகளும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் இழுக்கும் என்பதால் கழுத்தைப் பசையோடு இரண்டு ஸ்க்ரூவும் போட்டு இறுக்கினேன். மேருவிலிருந்து குதிரை வரை தந்தி நீளம் 32.8 செ.மீ. இதில் மட்டும் கை வைக்கக்கூடாது. மாறினால் பழகின விரல் இடமெல்லாம் மாறிவிடும்.

ஒலியை எடுக்க 27 மி.மீ. பீசோ தகடு ஒன்றைக் குதிரையின் காலடியில் வைத்தேன். நேரே கம்ப்யூட்டரில் சொருகினால் தகர டப்பாவைச் சுரண்டுகிற மாதிரி சத்தம்! இரண்டு நாள் தகட்டைத்தான் சந்தேகப்பட்டேன். தப்பு அதில் இல்லை. பீசோ என்பது மின்சாரக் கண்ணுக்கு ஒரு சின்ன மின்தேக்கி, சுமார் 20 நானோஃபாரட். லைன் இன் துளையின் மின்தடை 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் வெட்டுகிற வடிகட்டி ஆகிவிடுகிறது. மேற்கத்திய சுருதியில் வயலினின் கனத்த தந்தி 196 ஹெர்ட்ஸ், மெல்லிய தந்தியே 659 தான். ஆக, நான்கு தந்திகளின் ஆதார ஒலியும் வாசலிலேயே அடிபட்டுப் போகிறது. நடுவில் டிஎல்072 ஐசி வைத்து ஒரு பஃபர் போட்டு, உள்ளே வரும் மின்தடையை 1 மெகா ஓம் ஆக்கினேன். வெட்டு 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. 9 வோல்ட் பேட்டரி, ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப். அவ்வளவுதான். பிறகும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இருந்தது. சர்க்யூட்டைச் சுற்றி அலுமினியத் தாள் ஒட்டி கிரவுண்டில் சேர்த்ததும் அடங்கியது.

நான் யோசிக்காத இடம் வேறு. இணையத்தில் கிடைக்கும் வரைபடம் எல்லாம் தாடையில் பிடித்து வாசிப்பவர்களுக்கானது. நான் செய்ததும் அதே மாதிரி ஒல்லிக் கட்டைதான். நம்மவர்கள் சம்மணமிட்டு, சுருள் முனையைக் கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை நெஞ்சில் சாய்த்து வாசிக்கிறார்கள். கமகத்துக்கு இடது கை மேலும் கீழும் ஓட வேண்டும்; வயலினைத் தாங்க அந்தக் கைக்கு வேலையே கொடுக்கக்கூடாது. ஒல்லிக் கட்டை நெஞ்சில் உருண்டது. கடைசியில் சாதாரண வயலினின் அடி அகலமான சுமார் 20 செ.மீ.க்கு பிளைவுட்டில் ஒரு வளைவு வெட்டி ஒட்டினேன். நின்றது.

இப்போது இரவு பத்து மணிக்கும் முழு வில் போட்டு வாசிக்கிறாள். அறைக்கு வெளியே கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் கேட்கிறது. ஒரு மாதம் கழித்து சார், "திரும்ப வருது" என்றார். மகளின் புகார் வேறு: "அப்பா, இதுல அபஸ்வரம் காதுக்குள்ளயே வந்து கத்துது."

எடை 940 கிராம், அசலைப்போல இரண்டு மடங்கு. அரை மணி நேரத்தில் கணுக்கால் வலிக்கிறதாம். அடுத்ததற்குக் குமிழ் மரப் பலகை ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.