சக்கரத்தை மட்டும் பூட்டாதீர்கள்

சிதம்பரம் ரயில் நிலையத்துக்கு மேற்கே ஊர், கிழக்கே அண்ணாமலை நகர். இரண்டுக்கும் நடுவே நாள் முழுக்கச் சைக்கிள்கள் ஓடுகின்றன. பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் கியர் சைக்கிள்களும் அவற்றில் உண்டு. பூட்டு மட்டும் பழையதுதான்: பின்சக்கரத்தில் வளையப் பூட்டு, இல்லையென்றால் பிளாஸ்டிக் உறை போட்ட வயர் பூட்டு.

வளையப் பூட்டு சைக்கிளை ஓட்டவிடாது, அவ்வளவுதான். தூக்கி வேனில் போட்டுக்கொண்டு போவதை அதனால் தடுக்க முடியாது. வயர் பூட்டை ஒரு கை கட்டரே வெட்டிவிடும். கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. உறைக்குள்ளே வயர் துருவேறுவது வெளியே தெரியாது. உறையை வளைத்துப் பாருங்கள். வெடிப்பில் செம்பழுப்புத் தூள் உதிர்ந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

நல்ல சைக்கிளுக்கு கடினப்படுத்திய எஃகில் செய்த யூ லாக்கோ, கனத்த சங்கிலியோ வேண்டும். சாவியையும் பார்த்து வாங்குங்கள். 2004-இல் அமெரிக்காவில் கிரிப்டோனைட் என்ற பெயர்பெற்ற பூட்டையே பால்பாயிண்ட் பேனாவின் குழாயைச் செருகித் திறந்து காட்டினார்கள். அந்தப் பூட்டுக்கு வட்டக் குழாய் வடிவச் சாவி. தட்டைச் சாவி உள்ளதாகக் கேளுங்கள்.

பூட்டும் விதம் பூட்டைவிட முக்கியம். பிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, அசையாத இரும்புக் கம்பியோடு பிணைக்க வேண்டும். கம்பம் குட்டையாக இருந்தால் சைக்கிளைப் பூட்டோடு மேலே உருவிவிடுவார்கள். பூட்டு தரையைத் தொடவும் கூடாது; தரையில் வைத்துச் சுத்தியலால் அடிப்பது சுலபம்.

காசு கொடுத்து ஸ்டாண்டில் விட்டால் டோக்கனைப் பத்திரப்படுத்துங்கள். ‘சொந்தப் பொறுப்பில் நிறுத்தவும்’ என்ற பலகையைக் கண்டு பயப்பட வேண்டாம். கவனக்குறைவால் தொலைந்த பொருளுக்கு அப்படி எழுதிவைத்துத் தப்ப முடியாது என்று, ஓட்டலில் தொலைந்த கார் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணை அழையுங்கள்.

திருட்டு நடந்தால் உடனே காவல் நிலையம் போங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு கோடு இருக்கிறது. திருடுபோன பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவு என்றால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது. ஆகவே சைக்கிளின் விலையைக் காட்டும் ரசீது வழக்கின் போக்கையே மாற்றும். ஏழைப் பிள்ளையின் பழைய சைக்கிள் இந்தக் கோட்டுக்குக் கீழே விழுவது எனக்குச் சற்றும் நியாயமாகப் படவில்லை.

புகாரைப் பெற்றதற்குக் கொடுக்கும் சிஎஸ்ஆர் ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அது எஃப்ஐஆர் ஆகாது. எஃப்ஐஆர் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகார் அனுப்பலாம். அங்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.

போலீஸ் மீட்கும் சைக்கிள் உங்களுடையதுதான் என்று நிரூபிக்கப் பிரேம் எண் வேண்டும். இன்றே சைக்கிளைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும். போட்டோ எடுத்து, ரசீதோடு சேர்த்து வையுங்கள்.